றொசானாவின் ஒறுத்தல்

என் மகள் கோயில் உண்டியலுக்குள் மருந்து போட்ட கதையைக் கேள்விப்படாத தமிழ்க் கத்தோலிக்கர் யாராவது மெல்பேர்ணில் இருந்தால், அவரிடம் வாட்ஸ்அப் இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். ஈஸ்ரருக்கு முந்தின குருத்து ஞாயிறு பூசை முடிந்து நான் காரை எடுப்பதற்கு முன்பே கதை கிளம்பிவிட்டது. நான் வீடு வந்து சேரும்போது அது போதைப்பொருள் கதையாக வளர்ந்திருந்தது. இவ்வளவு சுறுசுறுப்பாக எங்கள் சனம் வேறு எந்த வேலையும் செய்து நான் கண்டதில்லை. ஆகவே நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன்.

றொசானாவுக்கு எட்டு வயது. சப்பாத்துப் போட்டுக்கொண்டு வா என்று அறைக்குள் அனுப்பினால் ஒரு காலில் சப்பாத்தோடும் நத்தைக்குப் பல் இருக்கிறதா என்ற கேள்வியோடும் திரும்பி வருவாள். மற்றச் சப்பாத்து குளியலறையில் கிடக்கும். கதிரையைக் காட்டி இரு என்றால் அதன் முதுகில் ஏறி இருப்பாள். யாராவது பேசும்போது அவள் கேட்கிறாள் என்று நீங்கள் நம்பமாட்டீர்கள். ஆனால் ஒரு மாதம் கழித்து நீங்கள் சொன்னதை உங்கள் குரலிலேயே, இருமல் உட்பட, திருப்பிச் சொல்லுவாள்.

போன வருடம்தான் ஏடிஎச்டி என்று உறுதியானது. காத்திருந்து காத்திருந்து கிடைத்த சிறுவர் நிபுணர் பொறுமையாக விளக்கினார். அவளுக்குக் கவனம் இல்லை என்பது தவறு, எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கவனிக்கிறாள், எதை முதலில் எடுப்பது எதை விடுவது என்று பிரித்துக் கொடுக்கிற வேலைதான் மூளையில் சரியாக நடப்பதில்லை என்றார். எனக்கு உடனே விளங்கிவிட்டது. நான் டண்டினொங்கில் ஒரு பண்டகசாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன். எல்லா லொறிகளும் ஒரே நேரத்தில் வந்து வாசலில் ஹோர்ன் அடித்தால் எங்களுக்கும் தலை சுற்றும். அங்கே நின்று நீ வா, நீ பொறு என்று ஒவ்வொன்றாக உள்ளே விட ஒரு ஆள் வேண்டும். காலையில் அவள் போடுகிற குளிசை அந்த ஆள். அவ்வளவுதான் விசயம்.

குளிசையோடு மற்றப் பழக்கங்களையும் மாற்றினோம். ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் சொல்லுவோம். பள்ளிக்கூடத்தில் அவளுக்குப் பின்வரிசையில் நின்றுகொண்டு எழுத அனுமதி கிடைத்தது. அலுவலகத்துக்கு எதையாவது கொண்டுபோகிற வேலை எப்போதும் அவளுக்குத்தான். பிள்ளை சிரித்த முகத்தோடு வீட்டுக்கு வரத் தொடங்கினாள்.

என் கணவர் எறிக் மின்சார வேலை செய்பவர், நல்ல தகப்பன். ஆனால் வெட்கம் அவரை விடவில்லை. குளிசைப் போத்தலைக் குசினி அலுமாரியில் அரிசி மூட்டைக்குப் பின்னால், ஒரு பழைய ஹோர்லிக்ஸ் ரின்னுக்குள் ஒளித்து வைத்தார். யாராவது கண்டால் விற்றமின் என்பார்.

"சனத்துக்குத் தெரிஞ்சா நாளைக்குப் பிள்ளைக்கு ஒரு கலியாணம் பேசேலாது," என்றார் ஒரு நாள்.

"எட்டு வயசுப் பிள்ளைக்கு ஆர் இப்ப மாப்பிள்ளையோட வாசல்ல நிக்கினம்?" என்று கேட்டேன். ரின் அங்கேயே இருந்தது.

இந்த வருடம் றொசானா முதல் நன்மை, அதாவது பூசையில் கொடுக்கிற அப்பத்தை முதன்முதலாக, வாங்கவேண்டிய வருடம். மன்னாரில் எங்கள் குடும்பங்களில் பிள்ளை பிறந்த அன்றே அந்த வெள்ளை உடுப்பைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுவார்கள். அவளும் ஆசையோடுதான் இருந்தாள். சனிக்கிழமைகளில் கோயில் மண்டபத்தில் மாக்கிறேட் அன்ரியின் மறைக்கல்வி வகுப்புக்குப் போனாள். அன்ரி யாழ்ப்பாணத்தில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். ஹீற்றர் வேலை செய்யாத மண்டபத்தில் மூன்று ஸ்வெற்றர் போட்டுக்கொண்டு ஊதியமில்லாமல் படிப்பிப்பவர். அவரைக் கெட்டவர் என்று சொன்னால் என் வாய் அழுகும். ஆனால் பிள்ளைகள் என்றால் சிலை மாதிரி இருக்கவேண்டும் என்பது அவருடைய ஐந்தாவது சுவிசேசம்.

விபூதிப் புதனுக்குப் பிறகு தபசுகாலம் தொடங்கியது. ஒவ்வொரு பிள்ளைக்கும் உண்டியலாக ஒரு மட்டைப் பெட்டி கொடுத்தார்கள். ஈஸ்ரர் வரைக்கும் விருப்பமான ஒன்றை விட்டுவிட்டு, அதில் மிச்சம் பிடித்த காசை ஏழைகளுக்காக அந்தப் பெட்டிக்குள் போடவேண்டும். எங்கள் வீட்டுப் பெட்டி குசினி யன்னலில் இருந்தது. எதை விடுகிறாய் என்று கேட்டேன். "ரகசியம்," என்றாள். சொக்லேற் என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு எல்லாம் தலைகீழாகப் போனது. பள்ளிக்கூடத்திலிருந்து தொலைபேசி அழைப்பு வரத் தொடங்கியது. வகுப்பில் எழும்பி ஓடுகிறாள், எழுதத் தொடங்கிய எதையும் முடிக்கவில்லை, சிநேகிதிகளோடு சண்டை. வீட்டில் பாலை ஊற்றினால் கோப்பைக்கு வெளியே. நான் விடியமுன் வேலைக்குப் போய்விடுவேன், காலையில் குளிசை கொடுப்பது எறிக்தான். ஒழுங்காகக் கொடுக்கிறீர்களா என்று கேட்டு அவரோடு சண்டை பிடித்தேன்.

"ஒவ்வொரு நாளும் என்ர கையால குடுக்கிறன். அது வேலை செய்யேல்லை. நான் அப்பவே சொன்னனான், இந்த மருந்து ஒண்டும் வேண்டாமெண்டு," என்றார்.

அவர் கொடுத்தது உண்மை. நிபுணரிடம் மறுபடி நேரம் எடுத்தேன். நாங்கள் இரண்டு பேரும் பிள்ளையை ஏசாத நாள் இல்லை. அவள் ஒரு சொல் திருப்பிச் சொல்லாமல் நின்று கேட்டாள். அதுவே எனக்குப் புதினமாக இருந்திருக்க வேண்டும்.

குருத்து ஞாயிறன்று பூசை முடிந்ததும் மண்டபத்தில் நீளமான மேசை ஒன்றைச் சுற்றிப் பிள்ளைகள் நின்றார்கள். மாக்கிறேட் அன்ரி ஒவ்வொரு பெட்டியாகக் கவிழ்த்தார். சில்லறை விழுந்தது, ஐந்து டொலர் தாள் விழுந்தது, யாரோ ஒரு குறும்பன் போட்ட பொத்தான் விழுந்தது. றொசானாவின் பெட்டியைக் கவிழ்த்தபோது சில்லறையோடு சேர்ந்து குளிசைகள் உருண்டன. தபசுகாலம் முழுவதற்குமான குளிசைகள்.

அன்ரி மற்றப் பிள்ளைகளை மேசையை விட்டுத் தள்ளினார். தாய்மார் ஓடிவந்தார்கள். யாரோ படம் எடுத்தார்கள். நான் மேசை விரிப்போடு குளிசைகளை அள்ளிக்கொண்டு, மற்றக் கையில் மகளைப் பிடித்துக்கொண்டு காருக்குப் போனேன்.

வீட்டுக் குசினியில் வைத்து எறிக் கேட்டார்.

"ஏன் பிள்ளை அப்பிடிச் செய்தனி? நான் தரேக்க விழுங்கினனிதானே?"

"இல்லை. கைக்குள்ள வச்சிருந்தனான்."

"ஏன்?"

"அன்ரி சொன்னவா, சொக்லேற்றை விடுறது ஈசி, உங்களால விட ஏலாத ஒண்டை விடுங்கோ, அதுதான் உண்மையான ஒறுத்தல் எண்டு." மாக்கிறேட் அன்ரியின் குரல் அப்படியே வந்தது. பிறகு தன் குரலுக்குத் திரும்பினாள். "அப்பா சித்தப்பாவோட ஃபோனில கதைச்சவர். குளிசை இல்லாம அவளால ஒரு நாளும் இருக்கேலாது எண்டு சொன்னவர். அப்ப அதுதானே?"

எறிக் சுவரைப் பார்த்தார்.

"அதை விட்டா யேசு என்னைச் சரியாக்குவார், பேந்து அப்பா ஒளிக்கத் தேவையில்லை எண்டு நினைச்சன்," என்றாள். மிச்சத்தை ஆங்கிலத்தில்தான் சொன்னாள். தான் மிகவும் கஷ்டப்பட்டு முயற்சி செய்ததாகவும், எல்லாரும் ஏசியபோது அதையும் ஒறுத்தலோடு சேர்த்துக் கொடுத்ததாகவும், அப்படியும் அது நடக்கவில்லை என்றும் சொன்னாள்.

நான் நிலத்தில் இருந்து அழுதேன். எறிக் கராஜுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வெகுநேரம் கழித்து வந்தவர் அலுமாரியைத் திறந்து ஹோர்லிக்ஸ் ரின்னை எடுத்துக் குப்பையில் போட்டார். குளிசைப் போத்தலைச் சாப்பாட்டு மேசையின் நடுவில், உப்புக்குப் பக்கத்தில் வைத்தார். எனக்கு அவர் மேல் இருந்த கோபத்தில் பாதி அந்த இடத்திலேயே போனது.

குளிசையை விட்டதால் உடம்புக்குக் கெடுதல் ஒன்றும் இல்லை, மறுநாளே தொடங்கலாம் என்று நிபுணர் சொன்னார். அன்றிலிருந்து வீட்டில் ஒரு சடங்கு. அவள் விழுங்குவாள். எறிக் "காட்டு" என்பார். அவள் வாயை ஆவென்று திறந்து நாக்கை நாடி வரைக்கும் நீட்டுவாள். எறிக் பெருவிரலை உயர்த்தி "முடிஞ்சுது" என்பார். ஓரிரு வாரத்தில் பள்ளிக்கூடத்துத் தொலைபேசி அடங்கியது.

மாக்கிறேட் அன்ரியின் தொலைபேசி அடங்கவில்லை.

"அஞ்சலி, கோயில் குழு கூடிக் கதைச்சது. பிள்ளை இந்த வருசம் நன்மை வாங்க வேண்டாம். கொஞ்சம் வளரட்டும், அடுத்த வருசம் பாப்பம்."

"அதை எனக்கு ஃபோனில சொல்லாதேங்கோ அன்ரி. ஃபாதரை வச்சு நேர சொல்லுங்கோ," என்றேன்.

அந்தச் சந்திப்புக்குப் போகிற வழியில் காருக்குள் எறிக், "அடுத்த வருசம் எண்டா என்ன? ஒரு வருசம்தானே. சத்தம் போடாமல் ஓமெண்டிட்டு வருவம்," என்றார். பின்சீற்றில் றொசானா இருந்தாள். அவளுடைய வகுப்புப் பிள்ளைகள் எல்லாரும் வெள்ளை உடுப்போடு போகும்போது அவள் மட்டும் கோயில் வாங்குப் பலகையில் இருந்து பார்க்கவேண்டும். ஏன் என்று எல்லாருக்கும் தெரிந்திருக்கும். அந்தப் பிள்ளை இனி வாழ்நாள் முழுவதும் தன்னைப் பழுது என்று நினைக்கும். நான் ஓமென்று சொல்லப் போவதில்லை என்று எறிக்கிடம் சொன்னேன்.

மண்டபத்தில் மாக்கிறேட் அன்ரியும் ஃபாதர் ஜோன்சனும் குழுவிலிருந்து இன்னும் சிலரும் இருந்தார்கள். ஃபாதர் இளையவர், அதிகம் பேசமாட்டார். றொசானா ஒரு கதிரையில் சற்று நேரம் இருந்துவிட்டு யன்னல் விளிம்பில் ஏறிக்கொண்டாள். அன்ரி அதைப் பார்த்துவிட்டு ஃபாதரைப் பார்த்தார், பார்த்தீர்களா என்பதுபோல.

"வேறொரு பிள்ளை அந்தக் குளிசையை எடுத்து விழுங்கியிருந்தா என்ன நடந்திருக்கும்?" என்று தொடங்கினார்.

அது நியாயமான கேள்வி. எழுந்து நின்று எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்டேன். இனி மருந்து எங்கள் கையை விட்டுப் போகாது என்றேன்.

"அது சரி. ஆனா நன்மை எண்டா விளையாட்டில்லை அஞ்சலி. அடக்கம் வேணும். இவள் பூசையில ஒரு இடத்தில இருக்கிறாளோ? குளிசை குடுத்து இருத்தி வச்சாத்தான் பக்தி வருமெண்டா, அது என்ன பக்தி?"

மன்னிப்புக் கேட்டு முடித்துவிட்டேன் என்பது நல்லதாகப் போயிற்று.

"அன்ரி, உங்கட சீனிக் குளிசையைத் தபசுக்கு விட்டனீங்களோ?"

"அது நீரிழிவு வருத்தம். அதுக்கு மருந்து வேணும்."

"இதுவும் மருந்து. அது உங்கட இரத்தத்துக்கு, இது இவளின்ர மூளைக்கு. பக்தியை நான் குளிசையில வாங்கேல்லை. அவள் சாமிக்காகத் தனக்கு வேண்டியதை விட்ட பிள்ளை. இந்த மண்டபத்தில வேற ஆர் அப்பிடி ஒரு ஒறுத்தல் செய்தது? ஒரு இடத்தில இருக்கிறாளோ எண்டு கேட்டீங்கள். பிரசங்கம் தொடங்கினவுடன எங்கட ஆம்பிளையள் எல்லாரும் கார் பார்க்கில நிண்டு கிரிக்கெற் கதைக்கினம். நன்மை குடுக்கிற நேரம் பாத்து உள்ளுக்க வருகினம். அவையை அடுத்த வருசம் வாங்கோ எண்டு ஆரும் சொன்னனீங்களோ?"

குழுவிலிருந்த ஆண்கள் கைத்தொலைபேசியைப் பார்த்தார்கள். ஃபாதர் வாயைப் பொத்திக்கொண்டு இருமினார். பிறகு யன்னல் பக்கம் திரும்பினார்.

"றொசானா, நன்மை வாங்க முதல் என்ன செய்யோணும்?"

அவள் வெளியே ஒரு மக்பை குருவியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பாமலே சொன்னாள், மாக்கிறேட் அன்ரியின் குரலில், அன்ரி மூச்சு எடுக்கும் இடத்தில் தானும் மூச்சு எடுத்து.

"பாவசங்கீர்த்தனம் செய்திருக்கோணும். நல்ல ஆயத்தம் வேணும். ஒரு மணித்தியாலத்துக்கு முன்னமே ஒண்டும் சாப்பிடக் கூடாது, குடிக்கக் கூடாது. தண்ணியும் மருந்தும் பரவாயில்லை."

"மருந்துமோ?" என்றார் ஃபாதர்.

"மருந்தும். அன்ரி சொன்னவா. அது திருச்சபையின்ர சட்டம் எண்டு சொன்னவா."

ஃபாதர் அன்ரியைப் பார்த்தார். அன்ரி தன் கைப்பையைப் பார்த்தார். அவர் படிப்பித்தது, அவர் குரலிலேயே வந்தது, மறுக்க வழியில்லை.

"நான் சொக்லேற், ரீவி, அப்பிடி எதையோ நினைச்சுத்தான் ஒறுத்தலைச் சொன்னனான்," என்று மெதுவாகச் சொன்னார். அவர் முகம் வாடிப்போனது. ஆனாலும் விடவில்லை. "சரி. ஒத்திகையில ஆடாமல் அசையாமல் இருக்கட்டும். இருந்தா இந்த வருசம் வாங்கட்டும்."

"மற்றப் பிள்ளையளுக்கும் இந்தச் சோதனை இருக்கோ?" என்று கேட்டேன்.

"மற்றப் பிள்ளையளுக்குத் தேவையில்லைத்தானே."

"அப்ப இவளுக்கும் தேவையில்லை."

அன்ரி ஆதரவுக்கு எறிக்கைப் பார்த்தார். அவர் ஓமென்பார் என்று எல்லாருக்கும் நம்பிக்கை, எனக்கும்தான். எறிக் தன் கதிரையிலிருந்து எழும்பினார். அப்போதுதான் கவனித்தேன், அவரும் வந்ததிலிருந்து முழங்காலை ஆட்டிக்கொண்டே இருந்திருக்கிறார்.

"நானும் வெளியில நிக்கிற ஆள்தான் ஃபாதர். கிரிக்கெற் கதைக்க இல்லை. என்னால உள்ளுக்க அவ்வளவு நேரம் இருக்கேலாது. சின்னனிலயிருந்து அப்பிடித்தான். எனக்கு ஒருத்தரும் குளிசை தரேல்லை. பிரம்பாலதான் தந்தவை. என்ர பிள்ளை பழுதில்லை. இந்த வருசம் வாங்குவாள். சோதனை இல்லாமல்."

கலியாணமாகி இத்தனை காலத்தில் இதை அவர் எனக்குக்கூடச் சொன்னதில்லை. ஃபாதர் ஜோன்சன் எழுந்து யன்னலடிக்குப் போய் றொசானாவோடு சேர்ந்து அந்தக் குருவியைச் சற்று நேரம் பார்த்தார்.

"இந்த வருசம்," என்றார். பிறகு என்னிடம், "அவளுக்கு எது உதவியா இருக்கும் எண்டு சொல்லுங்கோ," என்றார்.

அந்தக் கேள்வியை அதற்கு முன் எங்கள் சனத்தில் ஒருவரும் என்னிடம் கேட்டதில்லை. வாங்கின் ஓரத்தில் இடம் கொடுங்கள், காலை ஆட்டினால் ஆட்டட்டும், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் சொல்லுங்கள், கையில் ஒரு வேலை கொடுங்கள் என்றேன். காணிக்கைப் பவனியில் அப்பக் கூடையைத் தூக்கும் வேலையை அவளுக்குக் கொடுத்தார்.

"விழுத்தினா நான் பொறுப்பில்லை," என்றார் மாக்கிறேட் அன்ரி. ஆனால் அடுத்த சனிக்கிழமை ஒரு வெற்றுக் கூடையைக் கொண்டுவந்து, அவளை மண்டபத்தைச் சுற்றி நடக்கவிட்டுப் பழக்கினார். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

முதல் நன்மை நாளன்று நல்ல குளிர். கார் பார்க்கில் வழக்கமான ஆண்கள் வழக்கமான இடத்தில் நின்றார்கள். எறிக் அவர்கள் நடுவே நின்று, கோட் பொக்கற்றிலிருந்து போத்தலை எடுத்து ஒரு குளிசையை மகளின் கையில் வைத்தார். காலையில் வீட்டில் கொடுத்திருக்கலாம். வேண்டுமென்றுதான் கொடுக்கவில்லை என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது.

"என்னப்பா, விற்றமினோ?" என்று ஒருவர் கேட்டார்.

"இல்லை. ஏடிஎச்டிக் குளிசை. என்ர மகளின்ர," என்றார். "காட்டு."

வெள்ளை முக்காட்டுக்குக் கீழே நாக்கு நாடி வரைக்கும் நீண்டது. பெருவிரல் உயர்ந்தது. எறிக் அவர்களை அங்கேயே விட்டுவிட்டு உள்ளே வந்து முன்வரிசையில் என் பக்கத்தில் இருந்தார். பிரசங்கம் முழுக்க அவர் முழங்கால் ஆடியது. நான் பிடித்து நிறுத்தவில்லை. பிள்ளைகளின் வாங்கில் றொசானாவின் கால்களும் ஆடின, ஒரு சப்பாத்துக் கழன்று விழுந்தது. ஆனால் அப்பக் கூடையைக் கொண்டுபோகும்போது கோயிலில் அவளைப்போல் ஒருவரும் நிமிர்ந்து நடக்கவில்லை.

பிறகு பிள்ளைகள் வரிசையாகப் போனார்கள். வாங்கியதும் கைகூப்பி, தலைகுனிந்து, இடப்பக்கம் திரும்பி இடத்துக்குப் போகவேண்டும் என்று மாக்கிறேட் அன்ரி பலமுறை பழக்கியிருந்தார். றொசானா ஒரு காலில் சப்பாத்தோடு போனாள். ஃபாதர் அவள் நாவில் அப்பத்தை வைத்தார். ஆமென் என்றாள். விழுங்கினாள். திரும்பினாள், இடப்பக்கம் அல்ல, எங்கள் பக்கம்.

முழுக் கோயிலும் பார்த்திருக்க வாயை ஆவென்று திறந்து நாக்கை நீட்டினாள்.

யாரோ "யேசுவே" என்றார்கள். மாக்கிறேட் அன்ரியின் கை நெஞ்சுக்குப் போனது. பின்னால் தொலைபேசிகள் உயர்ந்தன. நாக்கு உள்ளே போகவில்லை. அவள் தகப்பனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

எறிக் எழுந்து நின்றார். அவ்வளவு சனத்துக்கும் முன்னால் கையை உயர்த்திப் பெருவிரலைக் காட்டினார்.

"முடிஞ்சுது," என்றார், கடைசி வாங்குக்கும் கேட்கும்படி.

அவள் வாயை மூடிக் கைகூப்பி, தலைகுனிந்து தன் இடத்துக்குப் போனாள்.

அந்த வீடியோ நாங்கள் வீடு போய்ச் சேருமுன் ஊரைச் சுற்றும் என்று எனக்குத் தெரியும். ஆகவே கார் பார்க்கில் வைத்து ஒருவரிடம் கேட்டு வாங்கி நானே முதலில் அனுப்பினேன், எனக்குத் தெரிந்த எல்லாத் தமிழ்க் குழுக்களுக்கும். கீழே இப்படி எழுதினேன்: எங்கள் மகள் றொசானா. ஏடிஎச்டி உள்ளவள். விழுங்கிவிட்டாள்.